குடிவந்த கிருமி – 6: கூழ்முட்டை மர்மம்

சென்ற வாரம் கதையை பாஸ்டனில் நிறுத்தினோம். ஆண்டு 1924. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மார்ஷல் ஹெர்ட்டிக், சிமியோன் பர்ட் வோல்பாக் என்ற இருவர் ஒரு கொசுவின் சினைப்பையைப் பிளந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார்கள். உள்ளே கும்பல் கும்பலாகக் கிருமிகள்.

தேடி வந்த ஆள் வேறு, சிக்கிய ஆள் வேறு. அவர்கள் தேடியது டைஃபஸ் காய்ச்சலின் பங்காளிகளை. பேன் வழியாகப் பரவும் அந்தக் காய்ச்சல் முதல் உலகப் போரின்போதும் அதற்குப் பிறகும் கிழக்கு ஐரோப்பாவைச் சூறையாடியிருந்தது. ஆராயப் போனவர்களையும் அது விடவில்லை. ஹோவர்டு ரிக்கெட்ஸ் 1910-ல் மெக்ஸிகோவில் அதே காய்ச்சலில் இறந்தார். புரோவாசெக் 1915-ல் ஜெர்மனியில், போர்க்கைதிகளிடையே பரவிய டைஃபஸை ஆராயும்போது இறந்தார். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் அந்தக் கிருமிக்கு ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று பெயர். வோல்பாக்கும் 1920-ல் போலந்துக்குப் போய் டைஃபஸை மிக அருகில் பார்த்துவிட்டு வந்தவர். பூச்சிகளுக்குள் இதே சாயலில் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று அவர் வரிசையாகப் பூச்சிகளைப் பிளந்து பார்க்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

கொசுவில் கிடைத்தது அந்தச் சாயலில்தான் இருந்தது. ஆனால் அது யாருக்கும் காய்ச்சலைத் தரவில்லை. கொசுவுக்கும் ஒரு கேடும் செய்ததாகத் தெரியவில்லை. ஆய்வகத் தட்டில் வளர்க்க முயன்றால் வளரவில்லை. சினைப்பையிலும் விந்தகத்திலும் சும்மா குடியிருந்தது. 1936-ல் ஹெர்ட்டிக் அதை விரிவாக விவரித்து, தன் மூத்த சகாவைக் கௌரவிக்கும் விதமாக வோல்பாக்கியா பைப்பியன்டிஸ் என்று பெயர் சூட்டினார். பிறகு மணல் ஈக்களைத் துரத்திக்கொண்டு பெருவுக்கும் பனாமாவுக்கும் போய்விட்டார். நோய் தராத கிருமியை யார் சீண்டுவார்கள்? அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் வோல்பாக்கியா நூலக அலமாரியில் தூங்கியது.

தூங்கியது அந்தக் கட்டுரை மட்டும்தான். கிருமி தன் வேலையைச் செய்துகொண்டேயிருந்தது.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனி. ஹான்ஸ் லாவென் என்ற மரபியலாளர் கொசு வளர்த்தார். நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் கியூலெக்ஸ் பைப்பியன்ஸ் கொசுவைப் பிடித்து வந்து கூண்டுகளில் விட்டு ஒன்றோடொன்று கலப்புச் செய்வதுதான் அவர் வேலை. நம் வீட்டுச் சாக்கடையில் பெருகி, இரவில் காதோரம் வந்து பாடுகிறதே, அதன் குளிர்நாட்டுச் சகோதர இனம் இது.

இந்தக் கொசு முட்டையிடும் விதம் ஆராய்ச்சியாளருக்கு மிக வசதியானது. பெண் கொசு தண்ணீரின் மேல் உட்கார்ந்து, பின்கால்களுக்கு நடுவே முட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பக்கத்து முட்டையோடு ஒட்டிக்கொண்டே போகும். நூறு, இருநூறு என்று அடுக்கி முடித்தால் ஒரு குட்டித் தெப்பம் மிதக்கும். இட்டபோது வெள்ளை, சில மணி நேரத்தில் கறுத்துவிடும். ஓரிரு நாளில் ஒவ்வொரு முட்டையும் அடிப்பக்கம் திறந்துகொள்ள, புழுக்கள் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஒரு தெப்பம் என்பது ஒரு தாயின் முழுப் பிரசவம். எத்தனை பொரிந்தன, எத்தனை பொரியவில்லை என்று பூதக்கண்ணாடியை வைத்து எண்ணிவிடலாம்.

லாவென் எண்ணினார். ஹாம்பர்க் நகரத்துக் கொசு ஒரு கூண்டில். தென் ஜெர்மனியில் ஒகல்ஸ்ஹவுசன் என்ற கிராமத்துக் கொசு இன்னொரு கூண்டில். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது. இந்த ஊர்ப் பெண்ணுக்கும் அந்த ஊர் ஆணுக்கும் கலப்புச் செய்தால் முட்டைகள் ஒழுங்காகப் பொரிந்தன. மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஊர் மாற்றிப் போட்டால் தெப்பம் முழுக்கக் கூழ்முட்டை. இணைசேர்ந்தது உண்மை, விந்து முட்டைக்குள் நுழைந்ததும் உண்மை. ஆனாலும் குஞ்சு இல்லை.

இதற்கு முன்பே இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் சிலர் இப்படிப்பட்ட கூழ்முட்டைகளைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். லாவென் குழம்பியதோடு விடவில்லை. குற்றவாளி குரோமோசோமில் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா என்று தீர்த்துவிட முடிவு செய்தார். அதற்கு அவர் கையாண்ட வழி பொறுமையின் உச்சம்.

ஒரு ஊர்ப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மறு ஊர் ஆணோடு சேர்க்கிறீர்கள். பிறக்கும் மகளின் குரோமோசோம்களில் பாதி தாய் வழி, பாதி தந்தை வழி. அந்த மகளையும் அதே மறு ஊர் ஆணோடு சேர்த்தால், பேத்தியிடம் பாட்டியின் பங்கு கால் பாகமாகக் குறையும். இப்படியே போனால் பத்தாவது தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. லாவென் 50 தலைமுறைகளுக்கும் மேல் போனார். கடைசியில் வந்து நின்ற கொசுவின் குரோமோசோம்கள் முழுக்க முழுக்க மறு ஊருடையவை. மூலப் பாட்டியிடமிருந்து அவளுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: தாய் முட்டை வழியாக மட்டுமே கைமாறும் சைட்டோபிளாசம், அதாவது உயிரணுவின் கருவைச் சுற்றியுள்ள கூழ்.

இப்போது கலப்புச் செய்து பார்த்தார். அவள் அச்சு அசலாகப் பாட்டியைப் போலவே நடந்துகொண்டாள். பாட்டிக்கு ஒத்துவந்த ஆண் இவளுக்கும் ஒத்துவந்தான். பாட்டிக்குக் கூழ்முட்டை தந்தவன் இவளுக்கும் தந்தான்.

ஆக, மெண்டல் வகுத்த விதிக்குள் அடங்காத ஏதோ ஒன்று தாய் வழியே இறங்குகிறது. லாவென் அதைச் சைட்டோபிளாசப் பொருந்தாமை என்றார். ஓர் இனம் இரண்டாகப் பிரிய இதுவே முதல் படியாக இருக்கலாம் என்று கூட எழுதினார். 1959-ல் எர்ன்ஸ்ட் காஸ்பாரியும் வாட்சன் என்ற கணிதக்காரரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தாய் வழியே இறங்கும் இந்த 'ஏதோ ஒன்று', தான் தங்கும் கொசுவுக்கு ஓரளவு கேடே செய்தாலும் கூட, ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் கூட்டம் முழுவதும் பரவிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆள் யார் என்றே தெரியாமல் அவனுடைய முழு நடமாட்டத்தையும் எழுதிவிட்டார்கள்!

அந்த ஆளின் படமோ ஹெர்ட்டிக்கின் 1936 கட்டுரையில், இதே கொசுவின் இதே முட்டைக்குள், தெளிவாக இருந்தது. நோயியல்காரர்களின் அலமாரி ஒரு பக்கம், மரபியல்காரர்களின் அலமாரி இன்னொரு பக்கம். விஞ்ஞான வரலாற்றில் இதைவிடப் பெரிய தவறுகள் உண்டு; இதைவிட எரிச்சலூட்டும் தவறு எனக்குத் தெரிந்து குறைவு.

*

காரணம் தெரியாவிட்டால் என்ன, காரியம் நடக்கிறதே! லாவெனுக்கு இப்படி ஒரு யோசனை வந்தது. ஆண் கொசு கடிக்காது. பெண் கொசு பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இணைசேரும். அந்த ஒரு வாய்ப்பைப் பொருந்தாத ஆண் தட்டிப் பறித்துவிட்டால் அவள் ஆயுளுக்கும் இடுவது கூழ்முட்டைதான். மருந்தடிக்காமலேயே ஊரில் கொசு ஒழிந்துபோகும்.

சோதித்துப் பார்க்க இடம் கிடைத்தது. பர்மாவின் ரங்கூனில் உலக சுகாதார நிறுவனம் யானைக்கால் நோய்க்காக ஓர் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திவந்தது. நகரம் பெருத்து, சாக்கடையும் கழிவுநீர்க் குழிகளும் பெருகியதில், நோயைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசுவும் பெருகியிருந்தது. அந்தக் கொசு நம் ஊர்க் கொசுவேதான். கும்பகோணத்துக்காரர்களுக்கு யானைக்கால் நோயை விளக்க வேண்டியதில்லை. ரங்கூனுக்கு அருகில் தனித்துக் கிடந்த ஓக்போ என்ற சிறு கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஓக்போவுக்காக லாவென் தயாரித்த மாப்பிள்ளை ஓர் ஒட்டு. சைட்டோபிளாசம் பாரிஸ் நகரத்துக் கொசுவினுடையது, ஏனென்றால் பர்மியப் பெண்களோடு பொருந்தாதது அதுதான். குரோமோசோம்கள் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்து வெப்ப மண்டலக் கொசுவினுடையவை. உள்ளே பாரிஸ், வெளியே ஃபிரெஸ்னோ. பழைய தலைமுறைக் கலப்பு வித்தைதான். இந்த முறை அது ஆயுதமாக மாறியிருந்தது.

1967-ல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 ஆண் கொசுக்கள் ஓக்போவில் திறந்துவிடப்பட்டன. ஊருக்குள் கிடைத்த முட்டைத் தெப்பங்களை ஆய்வாளர்கள் அள்ளிவந்து, பொரிகின்றனவா என்று பார்த்தார்கள். வாரத்துக்கு வாரம் கூழ்முட்டைகளின் பங்கு ஏறியது. ஏறத்தாழ மூன்று மாதத்தில், எடுத்துவந்த தெப்பங்கள் எதிலும் பொரிந்த முட்டை இல்லை.

அதே ஆண்டு நேச்சர் இதழில் லாவெனின் அறிக்கை வந்தது. பூச்சிக்கொல்லிக்குக் கொசுக்கள் பழகிக்கொண்டிருந்த காலம் அது. டிடிடி-யின் மீது நம்பிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு விஷம் இல்லாமல் ஒரு ஊரின் கொசுவைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்ற செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

ஓக்போவின் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது சின்ன ஊர், ஒதுங்கிய ஊர். வெளியூர்ப் பெண் கொசு ஏற்கெனவே இணைசேர்ந்து பறந்து வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இன்னொரு ஆபத்து இதைவிட மோசம். விடப்படும் ஆண்களோடு தப்பித்தவறிச் சில பெண்களும் கலந்துவிட்டால்? பாரிஸ் பெண் பாரிஸ் ஆணோடு சேர்ந்து தாராளமாகப் பெற்றுக்கொள்வாள். பர்மியப் பெண் தோற்றுக்கொண்டே போவாள். ஊரிலிருந்து கொசு போகாது. கொசுவின் சாதிதான் மாறும்.

இந்த இரண்டு கேள்விகளையும் தலையில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி இந்தியாவில் வந்து நிற்கப்போகிறது. இரண்டாவது கேள்வி, வில்லனாக வந்து பல ஆண்டுகள் கழித்து நாயகனாக மாறப்போகிறது.

*

1971. லாஸ் ஏஞ்சலஸ். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் யென், ரால்ஃப் பார் என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கியூலெக்ஸ் முட்டையைப் பார்த்தார்கள். கிருமிகள் தெரிந்தன. அவர்கள் செய்த பெரிய காரியம், ஹெர்ட்டிக்கின் அலமாரியையும் லாவெனின் அலமாரியையும் ஒரே அறையில் திறந்ததுதான். கூழ்முட்டைக்குக் காரணம் இந்தக் கிருமிதானா?

சோதிப்பது எளிது. வோல்பாக்கியா ஒரு பாக்டீரியா என்றால் டெட்ராசைக்ளின் அதைக் கொல்ல வேண்டும். கொசுப் புழுக்கள் வளரும் தண்ணீரில் அந்த மருந்தைக் கலந்தார்கள். வளர்ந்து வந்த கொசுக்களுக்குள் கிருமி இல்லை. கிருமி நீங்கிய ஆண், முன்பு எந்தப் பெண்ணோடு சேர்ந்தால் கூழ்முட்டையோ, அவளோடும் இப்போது ஒழுங்காகப் பிள்ளை பெற்றான். கிருமி நீங்கிய பெண்ணின் கதிதான் பரிதாபம். அவளுக்குத் தன் சொந்தக் கூண்டில் பிறந்த, கிருமியுள்ள ஆணே பொருந்தாதவனாகிவிட்டான்.

இதை நிதானமாக யோசித்தால் மட்டுமே கிருமியின் சூது புரியும். வோல்பாக்கியா பரவுவது முட்டை வழியாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு. விந்தணு முற்றும்போது அதிலுள்ள கிருமிகள் கழிவோடு வெளியே தள்ளப்பட்டுவிடும். அப்படியானால் ஆண் கொசுவுக்குள் அகப்பட்ட கிருமிக்கு எதிர்காலமே இல்லை, அது முட்டுச்சந்து. ஆனால் போகிற போக்கில் அது விந்தில் ஒரு நஞ்சை வைத்துவிட்டுப் போகிறது. அந்த விந்து நுழையும் முட்டையில் அதே வகைக் கிருமி இருந்தால் முறிமருந்தும் இருக்கும், பிள்ளை பிழைக்கும். இல்லாவிட்டால், முதல் உயிரணுப் பிரிவின்போதே தந்தை வழிக் குரோமோசோம்கள் தயாராகாமல் பின்தங்கிச் சிதைந்துபோகும். தாய் வழிக் குரோமோசோம்கள் தனியே முன்னேறிப் பார்க்கும்; கரு சாகும்.

பலன் யாருக்கு? கிருமியுள்ள பெண், அதே வகைக் கிருமியுள்ள ஆணோடு சேர்ந்தாலும் கிருமியில்லாத ஆணோடு சேர்ந்தாலும் பெறுகிறாள். கிருமியில்லாத பெண் கிருமியுள்ள ஆணிடம் அகப்பட்டால் இழக்கிறாள். தலைமுறைக்குத் தலைமுறை கிருமியுள்ள பெண்களின் கை ஓங்குகிறது. கொசுவுக்கு எந்த உபகாரமும் செய்யாமல், அடுத்த வீட்டுக்காரியின் பிள்ளைகளைக் கருவிலேயே அழித்து, இந்தக் கிருமி வம்சம் வளர்க்கிறது. முந்தைய வாரங்களில் அசுவினிக்கு உணவூட்டும் புக்னெராவைப் பார்த்துவிட்டு, கூடிவாழ்வது என்றால் கொடுத்து வாங்குவது என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இங்கே இறக்கிவைத்துவிடுங்கள். பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் வோல்பாக்கியா இருக்கக்கூடும் என்பது இன்றைய மதிப்பீடு. இவ்வளவு தூரம் பரவ அது நல்லவனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பரவும் வேகத்தைக் கண்ணெதிரே பார்த்தவர்களும் உண்டு. 1980-களில் கலிபோர்னியாவின் தென்பகுதிப் பழ ஈக்களில் வோல்பாக்கியா இருந்தது, வடபகுதி ஈக்களில் இல்லை. மைக்கேல் டுரெல்லியும் ஏரி ஹாஃப்மனும் ஆண்டுதோறும் ஈ பிடித்துச் சோதித்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் கிருமி வடக்கே ஏறியது. காஸ்பாரியும் வாட்சனும் காகிதத்தில் போட்ட கணக்கு நிலத்தில் நடந்தது.

பிறகு நடந்ததைக் கணக்குப் போட்ட அந்த இருவருமே எதிர்பார்த்திருப்பார்களா தெரியாது. தொடக்கத்தில் கிருமியுள்ள ஈக்கள் மற்றவற்றைவிடக் குறைவாக முட்டையிட்டன. வாடகை கொடுக்காத குடித்தனத்தின் செலவு அது. இருபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, கிருமியுள்ள ஈக்களே ஏறத்தாழ 10 சதவீதம் அதிகம் முட்டையிட்டன. ஈ மாறவில்லை, கிருமியின் மரபணுக்களே மாறியிருந்தன. காரணம் விளங்காததல்ல. தாய் வழியே மட்டும் இறங்கும் கிருமிக்கு, தாய் எவ்வளவு பெறுகிறாளோ அவ்வளவுதான் தன் வம்சமும். எதிரியாக வந்தவன் இருபதே ஆண்டில் பங்காளியாகத் தொடங்கிவிட்டான். பரிணாமம் என்றாலே லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் மலைப்புத்தான்.

நஞ்சுக்கும் முறிமருந்துக்கும் உரிய மரபணுக்கள் 2017-ல்தான் அகப்பட்டன. அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. வோல்பாக்கியா அறவே இல்லாத பழ ஈக்குள் அந்த மரபணுக்களை மட்டும் புகுத்தினார்கள். கூழ்முட்டை வந்தது. குற்றம் நிரூபணமானது என்று வழக்கை மூடிவிடலாம். ஆனால் அந்த மரபணுக்கள் இருந்த இடத்தைப் பார்த்தால், அது பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே அல்ல. பாக்டீரியாவின் டி.என்.ஏ.-வுக்குள் என்றோ புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸின் பகுதி. பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ். ஆயுதம் கடைசி ஆளின் கையில். அந்தக் கதைக்குத் தனியே ஒரு வாரம் வேண்டும், வரும்.

*

இப்போது ஓக்போவுக்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத் திரும்பியாக வேண்டும். பர்மிய வெற்றி கையில் இருக்க, உலக சுகாதார நிறுவனம் பெரிய களம் தேடியது. 1969-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து டெல்லியில் கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவு உருவானது. பணம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையிடமிருந்து வந்தது, பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கா தந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்துச் சேர்ந்திருந்த நிதி. யானைக்கால் நோயின் கியூலெக்ஸ், டெங்குவின் ஏடிஸ், நகரத்து மலேரியாவின் அனோபிலிஸ் என்று மூன்று கொசுக்கள் குறிவைக்கப்பட்டன. பொருந்தாமையை மட்டும் நம்பாமல், மருந்தால் மலடாக்கப்பட்ட ஆண்களும், குரோமோசோம் இடம் மாற்றிய ஆண்களும் வளர்க்கப்பட்டன. ஆண் பெண் கலந்துவிடும் ஆபத்து நினைவிருக்கிறதல்லவா? அதற்குத்தான் இந்தக் குரோமோசோம் பூட்டு. உலகின் தலைசிறந்த கொசு மரபியலாளர்கள் சிலர் அப்போது டெல்லியில் இருந்தார்கள்.

டெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களில் லட்சக்கணக்கான ஆண் கொசுக்கள் விடப்பட்டன. ஓக்போவில் எழாத முதல் கேள்வி இங்கே எழுந்தது. கிராமங்கள் நெருக்கமானவை, ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் கொசுக்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. கூழ்முட்டை கிடைத்தது, கொசு ஒழியவில்லை. சரி, அடுத்து ஏடிஸ் கொசுவைக் கையிலெடுப்போம், தனியாக ஒரு நகரத்தில் செய்து பார்ப்போம் என்று ஹரியானாவின் சோனிபட் தேர்வானது. கொசு வளர்ப்பு ஏற்பாடுகள் நடந்தன.

1974-ன் நடுவில் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. மஞ்சள் காய்ச்சலையும் பரப்பவல்ல ஏடிஸ் கொசுவை இந்திய நகரத்தில் வைத்து ஆராய அமெரிக்கப் பணம் எதற்கு என்ற கேள்வியோடு, இது கிருமிப் போருக்கான ஒத்திகையாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் அது கிளப்பியது. நாடாளுமன்றம் கொதித்தது. பொதுக் கணக்குக் குழு கோப்புகளைக் கேட்டது. சோனிபட்டில் கொசுக்களைத் திறந்துவிடும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆண் கொசு கடிக்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரம் டெல்லியில் அதை எத்தனை முறை சொன்னாலும் யார் காதிலும் ஏறப்போவதில்லை.

(தொடரும்)